ஓடைக்கரை இடிஞ்சு வயலுக்குள்ள வருது, சுவர் கட்டவா நாணல் வைக்கவா?

பிசானத்துக்காரன் | 11 பிப்ரவரி 2024

எல்லாருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிக்குக் கீழ தாமிரபரணில போய் விழுற ஒரு ஓடை, அதுக்கு ஒட்டுனாப்ல நமக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை கிடக்கு, தாத்தா காலத்துது. போன டிசம்பர் 17, 18 வெள்ளம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே அதே மழை. ஆறு ஏறி ஓடைக்குள்ள எதுத்து வந்து ரெண்டு நாள் அப்படியே நின்னுச்சு. பிசான நெல்லு மொத்தமும் போச்சு, வயல்ல முழங்கால் அளவு மணல், அதெல்லாம் வேற கதை.

இப்போ விஷயம் என்னன்னா ஓடை திரும்புற இடத்துல ஒரு அறுவது அடி நீளத்துக்கு கரை சுவர் மாதிரி செங்குத்தா அறுத்துட்டு நிக்கி. எட்டடி உயரம் இருக்கும். வெள்ளம் வடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, இன்னமும் வாரத்துக்கு ஒரு கட்டி தொப்புன்னு விழுது. வரப்பு போயாச்சு, இனி விழுந்தா வயல்தான்.

ஒரு கான்ட்ராக்டர் வந்து பாத்துட்டு ஜேசிபி விட்டு ரெண்டு பக்கமும் புதர் எல்லாத்தையும் வழிச்சுட்டு கருங்கல் சுவர் வச்சு காங்கிரீட் பூசிரலாம்னாரு. அவர் சொன்ன ரேட்டுக்கு வயலையே வித்துட்டு வேற வாங்கலாம். மாமனார் நாணல் வைங்கங்காரு. வீட்டுக்காரி நாணல் வச்சா பாம்பு வரும்ங்கா. நான் நடுவுல நிக்கேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராக்கொக்கு | 11 பிப்ரவரி 2024

மொதல்ல அந்த ஜேசிபியை நிப்பாட்டுங்க அண்ணாச்சி. புதர்னு அவர் சொல்றது என்ன என்ன செடின்னு தெரியுமா? போட்டோ போட முடிஞ்சா போடுங்க.

பிசானத்துக்காரன் | 12 பிப்ரவரி 2024

போட்டோ ஏற மாட்டேங்கு. எழுதுதேன். இடிஞ்ச பக்கம் ஒண்ணுமே இல்ல, அங்க இருந்தது நாலு சீமைக்கருவேலம், அதுவும் வேரோட போயிட்டு. எதுத்த கரைல தாழம்புதர் ஒண்ணு, நொச்சி நிறைய, புங்கன் மூணு, ஒரு பெரிய மருது. அந்தப் பக்கம் ஒரு பிடி மண்ணு கூட போகல, இதைத்தான் மாமனார் காட்டிக்காட்டி பேசுதாரு. தண்ணிக்குள்ள கோரையும் சம்பும். அப்புறம் ஊதாப்பூ பூக்குமே காட்டாமணக்கு, அது ஓடை முழுக்க.

மடைக்காரர் | 12 பிப்ரவரி 2024

தம்பி, நான் பாசனப் பிரிவுல முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

உங்க மாமனார் சொல்றதுல பாதி சரி. எதுத்த கரை நிக்கிறதுக்கு மரம் மட்டும் காரணம் இல்ல, அது உள்வளைவு. வளைவுல தண்ணி வெளிப்பக்கம்தான் வேகமா அடிக்கும், அங்க அறுக்கும், உள்பக்கம் மெதுவாப் போய் மணலைப் படிய விடும். நீங்க வெளிவளைவுல இருக்கீங்க, அந்த மருத மரத்தைத் தூக்கி இங்க வச்சாலும் கொஞ்சம் அறுக்கத்தான் செய்யும்.

அடுத்து, கரை வெள்ளத்தப்போ இடியறதை விட வெள்ளம் வடியும்போதுதான் ஜாஸ்தி இடியும். ரெண்டு நாள் ஊறி மண்ணு பூரா தண்ணி குடிச்சு கனத்துப் போயிருக்கும், அதுவரைக்கும் எதுத்தாப்ல நின்ன தண்ணியே முட்டுக் கொடுத்துட்டு இருக்கும். தண்ணி சட்டுன்னு இறங்குனா முட்டு போயிடுது, உள்ள இருக்குற தண்ணி வெளிய வரப் பாக்கும், கரை கவுந்துரும். அடிக்கால் ஏற்கனவே அறுத்து குடைஞ்சு கிடந்தா கேக்கவே வேணாம். அதனால மேல என்ன நட்டாலும் அடிக்காலைப் பிடிக்காம ஒண்ணும் நிக்காது.

சுவர் பத்தி: சுவர் நிக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா வழவழப்பான சுவர்ல உராய்வு இல்லாம தண்ணி வேகம் எடுக்கும், சுவர் முடியுற இடத்துல போய் மொத்த கோவத்தையும் காட்டும். அது உங்க அடுத்த வயக்காரர் நிலம். அஞ்சு வருஷத்துல அவரும் சுவர் கட்டணும். இதை நான் எத்தனை இடத்துல பாத்திருக்கேன்னு எனக்கே கணக்கு இல்ல.

நான் செய்யச் சொல்றது: செங்குத்தை வெட்டி சரிவாக்குங்க, ஒரு அடி உயரத்துக்கு ரெண்டு அடி சரிவு. அடிக்கால்ல பெரிய கல்லைச் சும்மா அடுக்குங்க, பூச வேணாம், இடுக்குல மண்ணு படிஞ்சு செடி பிடிக்கணும். அதுக்கு மேல சரிவுல வெட்டிவேரும் நாணலும். அதுக்கும் மேல நொச்சிப் போத்து, அதாவது நட வெட்டுன குச்சி. பெரிய மரத்தை விளிம்புல வைக்காதீங்க, விளிம்புல நிக்கிற மரம் காத்துல ஆடி தன் கனத்துலயே கரையைச் சாய்ச்சுடும். பத்தடி தள்ளி வைங்க.

இன்னொண்ணு, ஓடை உங்களுது இல்ல, புறம்போக்கு. புலப்படம் எடுத்து உங்க கல் எங்க இருக்குன்னு பாருங்க, தாலுகாவுலயும் நீர்வளத்துறையிலயும் எழுதிக் கொடுத்துட்டு ஆரம்பிங்க. பிறகு எவனாவது பெட்டிஷன் போட்டா அலையணும்.

வெண்ணாத்துப்பையன் | 12 பிப்ரவரி 2024

நான் டெல்டாக்காரன், கொஞ்சம் மாத்திப் பேசுறேன் கோச்சுக்காதீங்க. கரைல புல்லு மரம்னு எல்லாரும் அழகா சொல்றீங்க, எங்க வாய்க்கால் கரைல புதர் மண்டுனா அதுக்குள்ள எலி வரும், நண்டு வரும், வளை தோண்டும், ராத்திரியோட ராத்திரியா அந்த வளை வழியா தண்ணி கசிய ஆரம்பிச்சு விடியுறதுக்குள்ள ஆள் நுழையுற அளவு உடைப்பு எடுக்கும். எங்க அப்பா வைக்கோலும் சாக்கும் தூக்கிட்டு அர்த்தராத்திரில ஓடுனதை நான் பாத்திருக்கேன். கரைல மரமே வைக்கக் கூடாதுன்னு ஒரு பெரிய அதிகாரியே சொன்னாரு.

மடைக்காரர் | 12 பிப்ரவரி 2024

வெண்ணாத்துப்பையன், நீங்க சொல்றதும் உண்மைதான். ஆனா நீங்க பேசுறது போட்ட கரை. வயல் மட்டத்துக்கு மேல மண்ணைக் கொட்டி எழுப்பி ஒரு பக்கம் தண்ணி ஒரு பக்கம் காஞ்ச நிலம்னு நிக்கிற கரை. அதுல மரம் செத்து வேர் மக்குனா அந்த வேர் இருந்த இடமே குழாய் ஆயிடும், அதனாலதான் ஏரிக்கரை, வாய்க்கால் கரை மேல மரம் வேணாம்ங்கறது. தம்பியோடது ஓடை தானே அறுத்துட்டுப் போன இயற்கைக் கரை, வயல் மேல இருக்கு ஓடை கீழ இருக்கு. அங்க நண்டு எத்தனை வளை போட்டாலும் உடைப்பு எங்க எடுக்கும்? ரெண்டையும் போட்டுக் குழப்பித்தான் பாதி ஊர்ல ஆத்தங்கரை மரத்தை வெட்டுறாங்க.

வெண்ணாத்துப்பையன் | 13 பிப்ரவரி 2024

சரிண்ணே இது எனக்குத் தோணல. ஆனா அந்த காட்டாமணக்கை மட்டும் விட்டு வைக்காதீங்க, எங்க ஊர்ல நெய்வேலி காட்டாமணக்குன்னு சொல்வோம், ஆடு மாடு ஒண்ணும் வாய் வைக்காது, ஓடையையே மூடிரும். வெட்டிப் போட்டா போதும்னு நினைக்காதீங்க, வெட்டுன குச்சி தண்ணில மிதந்து போய் எங்க ஒதுங்குதோ அங்க வேர் விட்டுரும். பிடுங்கி மேட்டுல காயப் போட்டு கொளுத்தணும்.

ராக்கொக்கு | 13 பிப்ரவரி 2024

மருதுன்னு சொன்னீங்கல்லா அண்ணாச்சி, அதுக்காகவே எழுதணும்னு தோணுச்சு. உங்க வீட்டுல இருந்து திருப்புடைமருதூர் பக்கம்தானே, போயிருப்பீங்க. கடனா நதி வந்து தாமிரபரணில சேருற இடம். ஸ்ரீசைலம் தலைமருது, திருவிடைமருதூர் இடைமருது, நம்ம ஊர் கடைமருதுன்னு சொல்லுவாங்க, மூணு கோயிலுக்கும் மருதுதான் தலமரம், அர்ஜுன மரம்ங்கறதும் இதேதான். நாறும்பூநாதர் லிங்கம் ஒரு பக்கமா சாஞ்சு இருக்கும், ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்ட கருவூர்ச் சித்தர் குரலைத் தலை சாய்ச்சுக் கேட்டாருன்னு கதை. அந்தக் கோயிலைச் சுத்தி இருக்குற மரத்துல கொக்கு, நீர்க்காகம், நாரைன்னு கூடு வைக்கும், ஊர்க்காரங்க ஒரு பட்டாசு கூட வெடிக்காம பாத்துக்கிட்டாங்க, 2005 பிப்ரவரில அரசாங்கம் அதை பறவைகளுக்கான கன்சர்வேஷன் ரிசர்வ்னு அறிவிச்சுச்சு. மூணு ஹெக்டேர் கூட இல்ல. ஆனா அந்த வகையில நாட்டுலயே முதல் இடம் அதுதான்.

மருதோட காயைக் கையில எடுத்துப் பாருங்க, நீளவாக்குல அஞ்சு இறக்கை இருக்கும். கட்டை மாதிரி காஞ்சு கீழ விழும், தண்ணில விழுந்தா மிதந்து போய் கீழ எங்கயோ கரைல ஒதுங்கி முளைக்கும். அதனாலதான் ஆறு போற வழியெல்லாம் மருது. யாரும் நடல. இலையைத் திருப்பி காம்புகிட்ட பாத்தா கடுகு மாதிரி ரெண்டு முடிச்சு, அடையாளத்துக்கு அது போதும். அடிமரம் பட்டை பட்டையா விரிஞ்சு பாறையைக் கவ்விப் பிடிச்ச மாதிரி நிக்கும்.

எதுத்த கரை மரத்துல யாராவது பட்டை உரிக்காங்களான்னு பாத்துக்கோங்க. நெஞ்சுவலிக்கு மருதம்பட்டைன்னு சுத்தி உரிச்சுட்டுப் போயிருவாங்க, சுத்தி உரிச்சா மரம் செத்துரும்.

கோரைப்பாய் | 13 பிப்ரவரி 2024

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். நான் பத்தமடை. எங்க வீட்டுல மூணு தலைமுறையா பாய்தான். அண்ணாச்சி கோரையைப் பத்தி ஒரே வரியில தாண்டிட்டாக, மனசு கேக்கல.

ஆத்தங்கரை கோரையை பச்சையா இருக்கும்போதே அறுத்துரணும், முத்துனா நார் முறியும். அறுத்து கத்தியால வகிர்ந்து உள்ள இருக்குற சோத்தை எடுத்துட்டு காயப் போடணும். காஞ்சதை கட்டு கட்டி ஓடுற தண்ணில, ஓடுற தண்ணின்னா ஓடுற தண்ணிதான், குளத்துல போட்டா கறுத்து நாறிரும், ஒரு வாரம் கிட்ட கல்லைத் தூக்கி வச்சு முக்கிப் போடணும். ஊறி நல்லா உப்பி வரும். எடுத்து மறுபடி காய வச்சு மறுபடி வகிரணும். பட்டுப்பாய்க்கு எங்க உம்மா வகிர்ந்தா நூலா கோரையான்னு கண்ணை மூடித் தொட்டுப் பாத்தா சொல்ல முடியாது.

நான் எதுக்கு வந்தேன்னா, கோரைக்கட்டை தூக்க சின்ன வயசுல உம்மாகூட போவேன். கட்டைத் தூக்குனா அதுக்கு அடியில இருந்து என்னெல்லாம் ஓடும்! இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, தட்டானோட புழு, அயிரை. ஒரு தடவை செவசெவன்னு ஒரு பந்து தண்ணில உருண்டுட்டே போச்சு, பயந்து கத்திட்டேன், உம்மா சொன்னாக அது விரால் பார்ப்பு, மீன் குஞ்சுக் கூட்டம், கையை விட்டுராத தாய் கடிச்சுரும்னு. அடியில தாய் கறுப்பா நின்னுச்சு. கோரை இல்லாத மொட்டைக் கரைல அந்தப் பந்தை நான் ஒரு நாளும் பாத்ததில்ல.

கோரையை வழிச்சுராதீங்க அண்ணாச்சி. அறுத்தா தானா வரும், ஜேசிபி கிழங்கோட தோண்டிரும்.

கத்துக்குட்டி77 | 13 பிப்ரவரி 2024

எல்லாம் சரி. பாம்புக்கு யாரும் பதில் சொல்லல. அக்கா கேட்டது நியாயமான கேள்வி. எங்க சித்தப்பா வரப்புல கண்ணாடி விரியன் கடிச்சு ஒரு மாசம் ஆஸ்பத்திரில கிடந்தாரு.

ராக்கொக்கு | 13 பிப்ரவரி 2024

நியாயமான கேள்விதான். தண்ணியோரம் அடிக்கடி கண்ணுல படுறது தண்ணிப்பாம்பு, கட்டம் கட்டமா இருக்கும், கோவக்காரப்பய, கடிப்பான், ஆனா விஷம் கிடையாது. சாரை வரும், அதுக்கும் விஷம் இல்ல, எலியைத் தின்னும். விரியன் வேற. அது எலிக்காக வரும், நெல்லு கிடக்குற வயலே அதுக்குப் போதும், நாணல் வச்சாத்தான் வரும்னு இல்ல. நான் சொல்றது, ஓடைக்கு இறங்க ஒரு நாலடி பாதையை மட்டும் புல்லை ஒட்ட அறுத்து வெள்ளையா வச்சுக்கோங்க, இருட்டுனா டார்ச் இல்லாம, செருப்பு ஷூ இல்லாம போகாதீங்க. கடிச்சா கட்டுப் போட்டு கீறி வேர் வைத்தியம்னு நேரத்தைக் கடத்தாம நேரா அரசு ஆஸ்பத்திரி.

வன்னிமருது | 14 பிப்ரவரி 2024

வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம். மருதெண்டதும் வாசிக்காமல் போக ஏலாமல் போச்சு. யாழ்ப்பாணத்திலை ஆறெண்டு சொல்லப் பெரிசா ஒண்டும் இல்லை, வழுக்கையாறு கூட மழைக்கு மட்டும் ஓடுறதுதான். ஆனா வன்னிக்கு வந்தால் கனகராயன் ஆறு, இரணைமடுக் குளத்துக்கு வாற ஆறு, கரை முழுக்க மருது. வெயில் நேரம் அந்த நிழலுக்கை இறங்கினால் உடம்பு சட்டெண்டு குளிரும், தண்ணியும் அப்பிடித்தான், நிழல் விழுற இடத்துத் தண்ணி வேறை, வெட்டைக்கை கிடக்கிற தண்ணி வேறை. மீனெல்லாம் நிழலுக்கைதான் கிடக்கும். சிங்களத்திலை கும்புக் எண்டு சொல்லுவினம். எங்கட அப்பு கிணத்தடியிலை ஒரு மருது வைச்சவர், தண்ணி தெளியும் எண்டு. தெளிஞ்சுதோ தெரியாது, ஆனா இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீடு இல்லை, கிணத்தடி மருது நிண்டது. அதை வைச்சுத்தான் காணியைக் கண்டுபிடிச்சம்.

நீர்நாய் உங்கட ஆத்திலை இருக்கோ?

ராக்கொக்கு | 14 பிப்ரவரி 2024

இருக்கு அண்ணே. மேல களக்காடு முண்டந்துறை மலை ஓடைல சின்ன நீர்நாய், அது நண்டு தின்னி, கல்லுக்கு அடியில கையை விட்டுத் துழாவும். கீழ பெரிய ஆத்துல பெரிய வகை, கூட்டமாத் திரியும், மீன்தான் சாப்பாடு. சங்கப் பாட்டுலயே நீர்நாய் வாளை மீனைப் பிடிக்குறது வருது, பிரம்புப் புதருக்குள்ள இருந்து. ரெண்டாயிரம் வருஷமா அது கேக்குறது ஒண்ணுதான், தண்ணியோரம் மறைவு.

நான் பாத்தது ஒரே தடவை, ஒரு அணைக்கட்டுக்குக் கீழ, விடியக்காலைல. முதல்ல விசில் சத்தம்தான் கேட்டுச்சு, ஏதோ பறவைன்னு நினைச்சேன். அஞ்சு தலை வரிசையா தண்ணில போச்சு. கடைசில வந்தது ஒரு கெண்டையைக் கையில பிடிச்சு, கடலைமிட்டாய் கடிக்குற மாதிரி தலைல இருந்து கரகரன்னு கடிச்சுச்சு, சத்தம் இக்கரைக்குக் கேட்டுச்சு. அது போன பிறகு பாறைல போய்ப் பாத்தா எச்சம், முழுக்க மீன் செதில், பளபளன்னு. நாத்தம் சொல்லி முடியாது. வலைக்காரர் ஒருத்தர் பக்கத்துல நின்னு, என் வலையைக் கிழிச்சதும் இவனுவதான்னு திட்டுனாரு. அவர் கஷ்டம் அவருக்கு.

குட்டி போடுறது கரைல, மரவேருக்கு அடியில, நாணலுக்குள்ள பொந்து போட்டு. காங்கிரீட் பூசுன கரைல எங்க போய் போடும்?

பிசானத்துக்காரன் | 20 பிப்ரவரி 2024

எல்லாருக்கும் நன்றி. கான்ட்ராக்டர்ட்ட வேணாம்னுட்டேன். தாலுகாவுல மனு கொடுத்திருக்கேன். மடைக்காரர் ஐயா, நட எது நல்ல மாசம்? வெட்டிவேர் எவ்வளவு ஆழம் போகும்?

மடைக்காரர் | 20 பிப்ரவரி 2024

வெட்டிவேர் ரெண்டு மூணு வருஷத்துல பத்தடி ஆழம் நேர் கீழ இறங்கும், பக்கவாட்டுல பரவி பயிருக்குப் போட்டி போடாது. ஆனா ஒண்ணு, வேரைத் தோண்டி விக்கலாம்னு ஆசைப்படக் கூடாது, தோண்டுனா கரையை நீங்களே கிளறிவிட்ட மாதிரி. நாணல் மணலைப் பிடிக்கும், வெள்ளத்துல அப்படியே படுத்து பாய் விரிச்ச மாதிரி மண்ணை மூடிக்கும், அதுதான் அதோட வேலை. நாணல் வளையும்னு மேடைல பேசுறவங்க யாரும் அது வளைஞ்சு என்ன செய்யுதுன்னு பாத்ததில்ல போல.

கார் சாகுபடிக்குத் தண்ணி விடுற ஜூன் மாசம் நடுங்க. ஈரம் இருக்கும், பெரிய வெள்ளம் இருக்காது. அக்டோபர் மழைக்குள்ள வேர் பிடிச்சிருக்கணும். சரிவு வெட்டுறது ஏப்ரல், மே.

ராக்கொக்கு | 21 பிப்ரவரி 2024

ஐயா சொல்றதுல ஒரே ஒரு இடத்துல எனக்கு மனத்தாங்கல். அறுவது அடியையும் சரிவாக்கி முழுசும் நடணுமா? மீன்கொத்திக்கும் பஞ்சுருட்டானுக்கும் வேண்டியது மொட்டையா செங்குத்தா நிக்கிற மண்சுவர்தான். அதுலதான் வளை குடைஞ்சு முட்டை இடும். புல்லு மூடுன சரிவுல அதுக்கு வேலையே இல்ல. கரைன்னா பச்சையா இருக்கணும்னு நாம நினைக்கோம், பாதிப் பேருக்கு அது இடிஞ்சு கிடந்தாத்தான் வீடு. ஒரு பத்து பதினஞ்சு அடியை, தண்ணி கம்மியா அடிக்குற ஓரமாப் பாத்து, அப்படியே விட்டுருங்களேன்.

மடைக்காரர் | 21 பிப்ரவரி 2024

விட்ட இடத்துல இருந்துதான் அடுத்த வெள்ளம் ஆரம்பிக்கும். ஓட்டைச் சட்டையைத் தைக்கும்போது ரெண்டு இன்ச் விட்டுத் தைன்னு சொல்ற மாதிரி இருக்கு.

பிசானத்துக்காரன் | 9 ஜூலை 2024

ரொம்ப நாளாச்சு. நடந்ததைச் சொல்லுதேன். மே மாசம் அனுமதி வந்துச்சு, சரிவு வெட்டுனோம். கல்லு ரெண்டு லோடு, அதோட பணம் காலி. அதனால ராக்கொக்கு தம்பி கேட்ட மாதிரியே கீழ் ஓரத்துல ஒரு பதினஞ்சு அடி அப்படியே நிக்கி, தத்துவம்லாம் இல்ல, காசு இல்ல.

ஜூன்ல வெட்டிவேர் முந்நூறு குத்து, மாமனார் ஆத்துக்குள்ள போய் நாணல் கட்டை ஒரு வண்டி. நட்டு எட்டாம் நாள் காலைல போய்ப் பாத்தா நாணல் குருத்து பூரா மொட்டை. பக்கத்துத் தெரு ஆடு. மாமனார் ஆட்டுக்காரர்ட்ட போய் சண்டை, அவரு "ஓடை உமக்கு எழுதி வச்சிருக்கா வே"ன்னு கேட்டாரு, அதுவும் சரிதானே. கடைசில சீமைக்கருவேல முள்ளை வெட்டி வேலியா சுத்திப் போட்டோம். கரையை விட்டுட்டு ஓடுன மரம் வேலிக்காவது ஆச்சு. நொச்சிப் போத்துப் பக்கம் ஆடு எட்டிக் கூட பாக்கல.

கோரைப்பாய் | 9 ஜூலை 2024

நொச்சியை எங்க ஆடும் தொடாது அண்ணாச்சி, அந்த வாடை ஆகாது அதுக்கு. சளி பிடிச்சா நமக்கு ஆவி பிடிக்க ஆகும்.

பிசானத்துக்காரன் | 3 ஜனவரி 2025

டிசம்பர்ல மறுபடி ஓடை நிரம்பி ஓடுச்சு, 2023 அளவு இல்ல, ஆனா சரிவுல முக்கால்வாசி மூழ்குச்சு. வடிஞ்ச பிறகு போனேன், பயந்துட்டேதான் போனேன். நாணல் எல்லாம் கீழ்ப்பக்கம் பாத்து படுத்துக் கிடக்கு, தலையெல்லாம் சேறு. கையால ஒண்ணைத் தூக்கிப் பாத்தேன், அடியில மண்ணு அப்படியே, போதாததுக்கு ரெண்டு இன்ச் புது வண்டல் வேற. வெட்டிவேர்ல ஒரு முப்பது குத்து போச்சு. கல்லு ரெண்டு மூணு உருண்டிருக்கு.

விட்டு வச்ச பதினஞ்சு அடியில ரெண்டு அடி வயல் போச்சு. மடைக்காரர் ஐயா சொன்னது நடந்துச்சு.

மடைக்காரர் | 3 ஜனவரி 2025

சொன்னேன்ல. மே மாசம் அதையும் வெட்டிருங்க.

வெண்ணாத்துப்பையன் | 4 ஜனவரி 2025

முப்பது குத்து போச்சுன்னா அந்த இடைவெளியை சீக்கிரம் நிரப்புங்கண்ணே, இல்லைன்னா காட்டாமணக்கு வந்து உக்காந்துரும்.

பிசானத்துக்காரன் | 6 ஏப்ரல் 2025

இதை யாருக்கு எழுதுறதுன்னு தெரியல, ராக்கொக்கு தம்பிக்குன்னு வச்சுக்கோங்க.

ரெண்டு வாரமா அந்த மொட்டைக் கரைகிட்ட ஒரு வெண்மார்பு மீன்கொத்தி ஜோடி கத்திட்டே கிடந்துச்சு. மருது மரத்துல இருந்து பறந்து வந்து நேரா சுவத்துல மூக்கால ஒரு குத்து, திரும்பிப் போய் உக்காரும், மறுபடி வரும். முதல்ல பைத்தியம்னு நினைச்சேன். உக்கார இடம் இல்லாததால பறந்துட்டே குத்துதுன்னு பிறகுதான் புரிஞ்சுச்சு. கொஞ்சம் பள்ளம் விழுந்ததும் அதுல காலை வச்சு உள்ள தோண்ட ஆரம்பிச்சுட்டு, காலால மண்ணைப் பின்னாடி எத்தி எத்தி, கீழ பொடிமண்ணு குவிஞ்சு கிடக்கு.

நேத்து எதுத்த கரைல உக்காந்து பைனாகுலர்ல பாத்தேன் (மச்சான் பையன்ட்ட இரவல்). மேல இருந்து மூணடி கீழ ஓட்டை, முஷ்டி அளவு. வாசல்ல அடியில ரெண்டு கோடு பள்ளமா தெரியுது, வண்டித்தடம் மாதிரி. அதுக்கு ரெண்டு முழம் தள்ளி சின்னச் சின்னதா நாலு ஓட்டை, அதுல பச்சைப் பஞ்சுருட்டான் போய் வருது.

வீட்டுக்காரி காப்பி கொண்டு வந்தவ அங்கயே ஒரு மணி நேரம் உக்காந்துட்டா. பாம்பைப் பத்திப் பேச்சே இல்ல.

ராக்கொக்கு | 6 ஏப்ரல் 2025

அண்ணாச்சி!! அந்த ரெண்டு கோடு அதோட கால் தடம், உள்ள போகும்போதும் வரும்போதும் ஒரே இடத்துல கால் வச்சு தேஞ்சது. வளை நடப்புல இருக்குன்னு அர்த்தம். பாழடைஞ்ச வளையில அது இருக்காது, வாசல்ல சிலந்தி வலை பின்னியிருக்கும். பக்கத்துல போய் டார்ச் அடிச்சுப் பாக்காதீங்க, விட்டுட்டுப் போயிரும். உடும்பு வருதான்னு மட்டும் கண்ணு வச்சுக்கோங்க.

மடைக்காரர் | 7 ஏப்ரல் 2025

ஒரு கூட்டுக்கு எத்தனை நாள் ஆகும்? மே மாசம் வெட்டச் சொன்னேன். அதான் கேக்குறேன்.

ராக்கொக்கு | 7 ஏப்ரல் 2025

ஐயா :) முட்டை, குஞ்சு எல்லாம் சேத்து ரெண்டு மாசம்னு வச்சுக்கோங்க. ஜூன்.

மடைக்காரர் | 7 ஏப்ரல் 2025

ஜூன்ல தண்ணி விட்டுருவாங்க, அப்போ வெட்ட முடியாது. சரி, இந்த வருஷம் கிடக்கட்டும். அடிக்கால்ல மட்டும் நாலு கல்லைப் போட்டு வைங்க, மேல தொட வேணாம். பறவைக்காக இல்ல, உங்க வயலுக்காக.

பிசானத்துக்காரன் | 8 ஏப்ரல் 2025

கல்லு போட்டுருதேன் ஐயா. இன்னொரு சந்தேகம், அந்த ஓட்டைக்கு நேர் மேலதான் டிராக்டர் திரும்புற இடம். உள்ள எவ்வளவு தூரம் போயிருக்கும்? உழவுக்கு ஆள் சொல்லியாச்சு.

ராக்கொக்கு | 8 ஏப்ரல் 2025

ரெண்டு மூணு அடி உள்ள போய் கடைசில ஒரு அறை இருக்கும். விளிம்புல இருந்து ஒரு எட்டடிக்கு டிராக்டர் வேணாம், கூரை இறங்கிரும்.

பிசானத்துக்காரன் | 9 ஏப்ரல் 2025

சரி. எட்டடி தள்ளி ஒரு கல்லு நட்டு சிவப்புத் துணி கட்டியாச்சு. டிரைவர் வந்து இது எதுக்கு வேன்னாரு. மீன்கொத்திக்குன்னு சொன்னா சிரிப்பாரு, அடியில மோட்டார் பைப் போகுதுன்னு சொல்லிட்டேன்.